தண்டையார்பேட்டையில் சின்ன பிசியோ கிளினிக்: வெப்சைட்டுக்கு 45,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தண்டை பிசியோ · 18 ஜனவரி 2025, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து இரண்டாவது சந்தில் மூன்று வருடமாக பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். நான், ஒரு உதவியாளர், மூன்று கட்டில், ஒரு டிராக்‌ஷன் மெஷின், வலிக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு ஐ.எஃப்.டி. மெஷின். அவ்வளவுதான். முதல் மாடி. இதுவரை வந்தவர்கள் எல்லாம் யாரோ சொல்லி வந்தவர்கள். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய சென்டர் திறந்த பிறகு காலை நேரம் காலியாகக் கிடக்கிறது.

ஒரு கம்பெனி ஆள் வந்து பேசினார். ஐந்து பக்க வெப்சைட்டுக்கு 45,000. அப்புறம் எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவது என்று மாதம் 8,000. மூன்று மாதத்தில் கூகுளில் முதல் இடம், கேரண்டி என்கிறார். மாதிரிக்கு ஒரு பக்கம் எழுதியும் காட்டினார்: "உலகத் தரம் வாய்ந்த அதிநவீன சிகிச்சை முறைகளுடன் உங்கள் வலியில்லா வாழ்வுக்கான ஒரே முகவரி." படித்துவிட்டு என் அண்ணன், "இது உன் கிளினிக்கா, ஏர்போர்ட்டா?" என்று கேட்டான்.

45,000 என்பது எனக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல். செய்யலாமா? செய்தால் தமிழிலா, இங்கிலீஷிலா? என்ன எழுதுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் கோடு · 18 ஜனவரி, இரவு 11:15

அக்கா, கேரண்டி என்று சொன்னதுமே டீயைக் குடித்து முடித்துவிட்டு அவரை அனுப்பியிருக்கலாம். முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. நான் எட்டு வருடமாக வெப்சைட் போட்டுக் கொடுக்கிறேன், எனக்கே அந்த தைரியம் வந்ததில்லை.

வெப்சைட் இரண்டாவது வேலை. முதல் வேலை கூகுள் மேப்பில் உங்கள் கிளினிக்கைச் சரியாக வைப்பது. பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர், காசு கிடையாது. பக்கத்தில் பிசியோ எங்கே என்று ஒருவர் தேடும்போது கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது: கேட்டதற்கும் உங்களுக்கும் எவ்வளவு பொருத்தம், அவர் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், ஊரில் நீங்கள் எவ்வளவு பிரபலம். தூரத்தை யாரும் மாற்ற முடியாது. வேளச்சேரியில் இருப்பவருக்கு உங்களைக் காட்டப் போவதில்லை, காட்டியும் பிரயோஜனமில்லை. உங்கள் ஆட்டம் எல்லாம் கல்மண்டபத்துக்கும் தேரடிக்கும் நடுவில்தான்.

பெயர் போடும்போது போர்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். சில பேர் "பெஸ்ட் பிசியோ தண்டையார்பேட்டை" என்று பெயரோடு ஒட்டுவார்கள். அது விதிமீறல், யாராவது புகார் கொடுத்தால் ப்ரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். சரிபார்க்க வீடியோ கேட்கலாம். தெரு, போர்டு, நீங்களே சாவி போட்டுக் கதவைத் திறப்பது, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று. நாளையிலிருந்து ஒரு வாரம், போனில் யார் என்ன கேட்டாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் அந்த நோட்டில் வரும்.

பெரம்பூர் பல் · 19 ஜனவரி, காலை 7:05

மேடம், கம்பெனிக்குக் கொடுப்பதோ வேண்டாமோ, டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, யார் பெயரில் என்பதை முதலில் கேளுங்கள்.

என் கதை. பெரம்பூரில் பதினோரு வருடமாக பல் கிளினிக். ஒருவரிடம் வெப்சைட் வேலை கொடுத்தேன். நல்ல பையன், சீக்கிரம் முடித்தான். டொமைனை அவன் பெயரில், அவன் மெயிலில் வாங்கியிருக்கிறான். எனக்கு அது அப்போது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. மூன்றாவது வருடம் அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். வெளிநாடு போய்விட்டான் என்றார்கள். ரினியூவல் நோட்டீஸ் எல்லாம் அவன் மெயிலுக்குப் போய் அங்கேயே கிடந்திருக்கிறது. ஒரு நாள் ஒரு பேஷன்ட், வயசான அம்மா, பேத்தி போனைக் கொண்டுவந்து காட்டுகிறார்: "டாக்டர், உங்க பேரைப் போட்டா சீட்டாட்டம் வருது." என் கிளினிக் பெயரில் ஆன்லைன் ரம்மி! என் விசிட்டிங் கார்டு, மருந்துச் சீட்டு, வாசல் போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டிலும் மார்க்கரால் அடித்தேன்.

ராயபுரம் கோடு · 19 ஜனவரி, காலை 9:30

டாக்டர் சார் சொன்னதை எல்லாரும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாம். .காம் முகவரி காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போகாது. முதலில் ரிஜிஸ்ட்ரார் (முகவரி விற்கும் கம்பெனி) கொடுக்கிற சலுகை நாட்கள், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம் (அதற்கு அபராதம் போல ஒரு தொகை), கடைசியாக 5 நாள் கழித்துப் பொதுவில் விழும். விழுந்த நிமிடமே எடுக்க ஆள் காத்திருக்கிறது. பழைய கிளினிக் முகவரி என்றால் கூகுளில் ஏற்கனவே பெயர் இருக்கும், அதனால் சூதாட்டக்காரர்களுக்கு அது கரும்பு மாதிரி.

அதனால் அக்கா, டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில், நீங்களே வாங்குங்கள். .இன் போதும். முதல் வருட ஆஃபர் விலையைப் பார்க்காதீர்கள், ரினியூவல் விலையைப் பாருங்கள். பெயர் ஆட்டோக்காரருக்குப் போனில் ஒரே தடவை சொன்னால் புரிகிற மாதிரி இருக்கட்டும். நடுவில் கோடு போட்டால் வாழ்நாள் முழுக்க "நடுவுல ஒரு டேஷ்" என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்.

தமிழ்ப் பற்றில் .இந்தியா என்று முடியும் தமிழ் முகவரி வாங்கலாமே என்று யாராவது கேட்பார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை செய்கிறது. ஆனால் பல இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி ஒரு புரியாத எழுத்துச் சரமாக மாறிவிடும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

மின்ட் ஆடிட்டர் · 19 ஜனவரி, காலை 11:50

ஒரு சின்னக் குறிப்பு. அந்த 45,000 வரியோடா, வரி தனியா? 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் 8,100 கூடும். எங்கள் மாதிரி ஆட்கள் அதை இன்புட் க்ரெடிட்டாக, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துவிடுவோம். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் உங்களுக்கு அந்த வழி இல்லை, கட்டியது கட்டியதுதான். கூகுள் விளம்பரத்துக்கும் அதே 18. கணக்குப் போடும்போது சேர்த்துப் போடுங்கள்.

மாதவரம் யோகா · 19 ஜனவரி, மதியம் 1:20

வெப்சைட்டே எதற்கு? நான் இன்ஸ்டாவில் மட்டும்தான் இருக்கிறேன். ஒரு ரீல் போட்டால் நாலு பேர் கேட்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் வெப்சைட் பார்க்கிறார்கள்?

ராயபுரம் கோடு · 19 ஜனவரி, மதியம் 2:10

யோகா சார், உங்கள் தொழிலுக்கு ரீல் சரி, ஆசனம் கண்ணுக்கு அழகு. நடக்க முடியாத அப்பாவை எங்கே கூட்டிப் போகலாம் என்று இரவு பதினோரு மணிக்குத் தேடுகிற மகள் ரீல் தள்ளிக்கொண்டிருக்க மாட்டாள்.

அதோடு, அடுத்தவன் இடத்தில் கடை போட்டால் அவன் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். பிசினஸ் ப்ரொஃபைலோடு கூகுள் இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஏரியாவில் டெய்லர், ஸ்கேன் சென்டர், டியூஷன் என்று எத்தனையோ பேர் அதை நம்பி இருந்தார்கள். 2024 மார்ச்சில் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஜூன் வரை ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், அப்புறம் அதுவும் இல்லை.

வண்ணை வக்கீல் · 19 ஜனவரி, இரவு 8:45

இழையைப் படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்காவது என்ன எழுதுவது என்று யோசிக்கும் சுதந்திரம் இருக்கிறது. எங்களுக்கு பார் கவுன்சிலின் விதி 36 இருக்கிறது. வழக்கறிஞர் எந்த வழியிலும் விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008ல் வெப்சைட்டுக்கு மட்டும் கொஞ்சம் கதவு திறந்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், படிப்பு, எந்தத் துறை வழக்குகள். அதோடு சரி. "நூறு ஜாமீன் வாங்கியவர்" என்று ஒரு வரி எழுதினால் நான்தான் ஜாமீன் வாங்க வேண்டியிருக்கும். போன ஜூலையில் நம் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திர மதிப்பெண் கொடுத்து விற்கும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனக்கே ஒரு தளம் கேட்காமல் நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தது. அந்த அரை ஏன் குறைந்தது என்று என் மனைவி இன்னமும் கேட்கிறாள்.

உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை, அம்மா. ஒன்று, நோயாளி படம். முன்னால், பின்னால் என்று போட ஆசை வரும். எழுதி வாங்கிய சம்மதம் இல்லாமல் போடாதீர்கள், முகம் தெரியாவிட்டாலும். இரண்டு, வெப்சைட்டில் படிவம் வைத்து "உங்கள் நோய் விவரத்தை எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதன் விதிகளின் வரைவு இந்த மாதம்தான் வெளியானது. பெயரும் போன் நம்பரும் போதும். மீதியை நேரில் கேட்டுக்கொள்ளலாம். வாங்காத தகவலைக் காக்க வேண்டிய தலைவலி இல்லை.

காசிமேடு பையன் · 19 ஜனவரி, இரவு 9:30

அக்கா, நான் வெப்சைட் பத்தி ஒண்ணும் தெரியாதவன். பேஷன்ட் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அப்பா போட்டில் போனவர், வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது. நான் போனில் மைக்கை அழுத்தி "தோள்பட்டை தூக்க முடியல டாக்டர் எங்க இருக்காங்க"னுதான் கேட்டேன். டைப் எல்லாம் பண்ணவில்லை. வந்ததில் பாதி புத்தூர் கட்டு. மீதி பெரிய ஆஸ்பத்திரி. திறந்து பார்த்தால் எல்லாம் இங்கிலீஷில் ஏதோ நோய் பெயர். அப்பாவுக்கு அதுதானா, வேறயா, எப்படித் தெரியும்?

நீங்கள் எழுதும்போது "முட்டி வலி", "இடுப்புப் பிடிப்பு", "கை கால் விழுந்துடுச்சு" என்று நாங்கள் சொல்கிற மாதிரி எழுதுங்கள். எங்கள் தெருவில் ஸ்ட்ரோக் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட் எல்லாம் கரையில். அந்த 61 நாள்தான் எங்கள் ஆட்கள் உடம்பைப் பார்ப்பார்கள். மற்ற நாளில் வலி இருந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள். உங்கள் காலை நேரம் காலியாக இருக்கிறது என்றீர்களே.

தண்டை பிசியோ · 26 ஜனவரி 2025, மாலை 6:20

நோட்டு போட்டேன். ஒரு வாரத்தில் 41 போன். பார்த்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

13 பேர் எங்கே இருக்கிறது, எப்படி வருவது என்று கேட்டார்கள். (அகஸ்தியா தியேட்டரை மூடி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதை வைத்துத்தான் வழி கேட்கிறார்கள், நானும் அதை வைத்துத்தான் சொல்கிறேன்.) 9 பேர் எவ்வளவு ஆகும். 6 பேர் வீட்டுக்கு வருவீங்களா. 5 பேர் படி இருக்கா, லிஃப்ட் இருக்கா. 3 பேர் லேடீஸ்தான் பார்ப்பாங்களா. ஸ்கேன் எடுத்து வரணுமா, எத்தனை நாள் வரணும் என்று தலா இரண்டு. ஒருவர் சுளுக்கு எடுப்பீங்களா என்றார்.

என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் வெப்சைட்டில் முதல் படமாக அந்த டிராக்‌ஷன் மெஷினைத்தான் போடுவதாக இருந்தேன்.

கம்பெனிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டொமைன் என் பெயரில் வாங்கிவிட்டேன். வேர்ட்பிரஸ் (வெப்சைட் செய்யும் மென்பொருள்) போட என் அண்ணன் மகன் உதவுகிறான், கல்லூரி இரண்டாம் வருடம். ஒரு பிரச்சனை. முதலில் நோட்டீஸ் அடித்த டி.டி.பி. கடையிலிருந்து தமிழ் மேட்டரை பைலாக வாங்கி ஒட்டினோம். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது.

ராயபுரம் கோடு · 26 ஜனவரி, இரவு 7:00

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது பழைய எழுத்துரு, பாமினி மாதிரி ஏதாவது இருக்கும். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, சரியா? அந்த எழுத்துருக்களில் இங்கிலீஷ் எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் பூசி வைத்திருப்பார்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், மற்ற இடத்தில் வேஷம் கலைந்துவிடும். கூகுளுக்கும் அது தமிழ் இல்லை, தேடலில் வரவே வராது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படியுங்கள், "ஸ்ரீ", "கூ" மாதிரி இடங்களில் உடையும். சில டிசைனர்கள் மேட்டரைப் படமாக்கி ஒட்டித் தப்பித்துவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பிக் கூகுள் உங்களைத் தேடி எடுக்காது, போனில் பெரிதாக்கினால் மங்கும்.

சின்னச் சின்ன வேலைகள்: போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. இருக்கும், சுருக்கிப் போடுங்கள். போன் நம்பரைத் தொட்டால் டயல் ஆக வேண்டும். வாட்ஸப் லிங்க்கில் 91 முன்னால் போட மறக்காதீர்கள். பூட்டுக்குறி சான்றிதழ் இல்லாத தளத்தை 2018லிருந்து க்ரோம் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இலவசம், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஊர் பெயர். இங்கிலீஷில் வாஷர்மேன்பேட், வாஷர்மென்பேட், தமிழில் வண்ணாரப்பேட்டை, பழைய வண்ணை, புது வண்ணை, எல்லாவிதமாகவும் தேடுகிறார்கள். இதை அடியில் பட்டியலாகக் கொட்டாதீர்கள், அசிங்கமாக இருக்கும். வழி சொல்லும் பத்தியிலேயே தானாக வந்துவிடும்.

தண்டை பிசியோ · 2 பிப்ரவரி 2025, இரவு 9:55

முதல் பக்கத்துக்கு நான் எழுதியது. கிழித்துத் தொங்கவிடுங்கள்:

"தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே வரலாம். புது வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வருபவர்கள் ஆட்டோவில் 'பழைய அகஸ்தியா தியேட்டர்' என்று சொல்லுங்கள். கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. 17 படி, லிஃப்ட் இல்லை, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஏற முடியாதவர்கள் வரும் முன் போன் செய்யுங்கள், கீழே ஒரு அறை இருக்கிறது, அங்கேயே பார்ப்போம். முதல் தடவை 400 ரூபாய், பிறகு ஒவ்வொரு தடவையும் 300. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் கொண்டுவாருங்கள், எங்களுக்காகப் புதிதாக எடுக்க வேண்டாம். சிகிச்சை தருபவர் பெண். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வீட்டுக்கும் வருவோம், மதியம் 1 முதல் 4 வரை."

கீழ் அறை என்பது ஹவுஸ் ஓனரின் பழைய குடோன். கேட்டேன், கொடுத்துவிட்டார். மூன்று வருடம் கேட்கத் தோன்றவே இல்லை.

பெரம்பூர் பல் · 2 பிப்ரவரி, இரவு 10:30

கட்டணம் போட்டது எனக்கு உறுத்துகிறது மேடம். பல்லுக்கு நான் போட மாட்டேன், ஒவ்வொரு வாயும் ஒரு விதம். உங்களுக்குச் சரிப்படலாம்.

ஆனால் ஒன்று. "கை கால் விழுந்துடுச்சு" என்று தனிப் பக்கம் எழுதப் போகிறீர்கள் அல்லவா? அதில் முதல் வரியாக, இப்போதுதான் விழுந்தது என்றால் எங்களுக்குப் போன் செய்யாதீர்கள், 108க்குச் செய்யுங்கள் என்று போடுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் வாய் கோணியவரை, மதியம் வீட்டுக்கு வருகிற பிசியோவுக்காகக் காத்திருக்க வைத்துவிட்டால் என்ன ஆகும்?

தண்டை பிசியோ · 2 பிப்ரவரி, இரவு 10:42

சார், இதை நானே யோசித்திருக்க வேண்டும். பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் என் நம்பரையே கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

வண்ணை வக்கீல் · 3 பிப்ரவரி, காலை 6:50

"இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு" என்ற வரிக்கு என் வோட்டு. என் மாமியாருக்கு லிங்க் அனுப்பிவிட்டேன்.

தண்டை பிசியோ · 9 மார்ச் 2025, இரவு 10:10

ஒரு தப்பு செய்தேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன். ஆர்வத்தில் கூகுள் விளம்பரத்தில் 3,000 ரூபாய் போட்டேன். ஐந்து நாளில் கரைந்துவிட்டது. வந்த போன் 11. அதில் நாலு பேர் வேலை கேட்டவர்கள், இரண்டு பேர் பிசியோ காலேஜில் சீட் கிடைக்குமா என்றார்கள், ஒருவர் கோயம்புத்தூர். நான் "தண்டையார்பேட்டை சுற்றி 5 கிலோமீட்டர்" என்றுதான் போட்டேன். கோயம்புத்தூர் எப்படி வந்தது?

ராயபுரம் கோடு · 9 மார்ச், இரவு 10:35

அதில் ஒரு உள்குத்து இருக்கிறது அக்கா. இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரம் போகும் என்பதுதான் அவர்களாகவே வைத்திருக்கும் அமைப்பு. லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்று மடித்து வைத்திருப்பார்கள். திறந்து, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். அப்புறம் நெகட்டிவ் கீவேர்ட், அதாவது தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டக் கூடாத சொற்கள்: வேலை, சம்பளம், வேகன்சி, கோர்ஸ், காலேஜ், சிலபஸ். இதையெல்லாம் போட்டுவிட்டு, கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளிக் செய்பவருக்கு யார் போன் எடுப்பது?

என்னைக் கேட்டால் இப்போதைக்கு நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் கார்டு அடியுங்கள். ஒரு பக்கம் அடுத்த வருகைத் தேதி எழுத இடம், மறு பக்கம் உங்கள் பக்கத்துக்குப் போகும் க்யூ.ஆர். குணமானவர் அதை எதிர்வீட்டில் கொடுப்பார்.

மாதவரம் யோகா · 10 மார்ச், காலை 8:00

ரிவ்யூ பற்றி யாரும் பேசவில்லையே. ரிவ்யூ போட்டால் ஒரு சிட்டிங் இலவசம் என்று அறிவியுங்கள், கொட்டும்.

ராயபுரம் கோடு · 10 மார்ச், காலை 8:20

கொட்டும், அப்புறம் மொத்தமாக அழியும். பணமோ இலவசமோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிப்படி கூடாது. கேட்பது தப்பில்லை. கடைசி நாள் போகும்போது வாயால் கேளுங்கள், போதும். திட்டி ஒன்று வந்தால் பதிலில் அவர் உங்கள் பேஷன்ட் என்றோ, என்ன வலி என்றோ காட்டிக்கொடுக்காதீர்கள். "நேரில் பேசலாம், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்", அவ்வளவுதான்.

லீவு நாளையும் ப்ரொஃபைலில் மாற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர், கூகுள் மட்டும் எல்லாக் கடையும் திறந்திருக்கிறது என்றது.

தண்டை பிசியோ · 11 மே 2025, மாலை 5:30

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காகக் கணக்கு: டொமைன், ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் இடத்துக்கு வாடகை), கார்டு அச்சு எல்லாம் சேர்த்து வரியோடு 7,400. வீணாய்ப் போன விளம்பரம் 3,000 தனி. அண்ணன் மகனுக்கு ஒரு ஹெட்போன்.

தேடினால் பெரிய சென்டர்தான் இன்னமும் முதலில் வருகிறது. நான் மூன்றாவது, சில நாள் நாலாவது. ஆனால் போன் மாறிவிட்டது. முன்பு பத்து நிமிடம் வழி சொல்ல வேண்டும், இப்போது "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்" என்கிறார்கள். போன மாதம் புதிதாக வந்தவர்கள் 22 பேர். எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதினேன். 12 பேர் யாரோ சொல்லி, பிறகு போனில் பார்த்துவிட்டு வந்தவர்கள். 6 பேர் மேப்பில். 4 பேர் கார்டு.

காசிமேடு தம்பி சொன்னபடி ஏப்ரல் முதல் வாரமே "தோள்பட்டை தூக்க முடியவில்லையா" என்று ஒரு பக்கம் போட்டு, அந்தக் கார்டில் நூறு எடுத்துக்கொண்டு துறைமுகம் பக்கம் டீக்கடைகளில் வைத்தேன். தடைக்காலம் தொடங்கியதும் காலை ஆறரைக்கே படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை நேரம் காலி இல்லை.

காசிமேடு பையன் · 11 மே, இரவு 8:15

அக்கா, அப்பாவை வெள்ளிக்கிழமை கூட்டி வந்தேன், நான்தான் என்று சொல்லவில்லை. கை இப்போது காது வரைக்கும் போகிறது. ஒரு திருத்தம். படி 17 இல்லை, 18. அப்பா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார், மேலே வந்ததும் "பொய் எழுதியிருக்காங்கடா" என்றார்.

தண்டை பிசியோ · 11 மே, இரவு 8:40

இப்போதுதான் இறங்கி எண்ணிப் பார்த்தேன். வாசல் படியைச் சேர்த்தால் 18. மாற்றிவிட்டேன், அப்பாவிடம் சொல்லிவிடு.